சிங்கம்பட்டியின் கடைசிப் பட்டம்



‘திருநெல்வேலிச் சீமையின் கடைசி ராஜா’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சட்டம் படித்தவர் யாராவது இங்கே இருந்தால் இந்நேரம் ஆட்சேபணை சொல்ல எழுந்திருப்பார். நியாயம்தான். இந்தச் சீமையில் சமஸ்தானம் என்று ஒன்று இருந்ததே இல்லை. 1801இல் ஆற்காட்டு நவாபிடம் கம்பெனிக்காரன் கர்நாடகத்தை எழுதி வாங்கிய நாளிலிருந்து 1947 வரைக்கும் நமக்கு ராஜா கலெக்டர்தான். சமஸ்தானம் என்றால் அது புதுக்கோட்டை. தொண்டைமானுக்குச் சொந்தமாக அம்மன் காசு இருந்தது. அவர் போனால் 17 குண்டு முழங்கும். அல்லது நம் மேற்குமலைக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர். அதில்கூட நமக்கு ஒரு பங்கு உண்டு. செங்கோட்டைக்காரர்கள் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் திருவாங்கூர் கணக்கில்தான் இருந்தார்கள். ஆகவே இன்றைக்கு நம் பக்கம் இருக்கிற மண்ணில் சட்டப்படி ராஜாங்கம் நடத்திய கடைசி மன்னர் யார் என்று கேட்டால், சித்திரைத் திருநாள் மகாராஜா என்றுதான் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ இறங்கி, “ராஜா” என்று மொட்டையாகச் சொல்லுங்கள். எந்த ராஜா என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி. 31ஆவது பட்டம். 1931 செப்டம்பர் 29இல் பிறந்து, 2020 மே 24இல் காலமானார். முறைப்படி முடி சூட்டப்பட்ட ஜமீன்தார்களில் தமிழ்நாட்டில் கடைசியாக இருந்தவர் என்று அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின. சட்டம் ராஜா என்று சொல்லாத ஒருவரை ஊர் எதற்காக 85 ஆண்டு ராஜா என்றே கூப்பிட்டது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைத்தான்.

முதலில் அந்தப் பூமியைப் பார்த்துவிடுவோம். பொதிகையிலிருந்து இறங்குகிற தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மேலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். கார், பிசானம் என்று இரண்டு போகம். இந்த நஞ்சை பெரும்பாலும் கோயில்கள் கையிலும் பிராமணர், வேளாளர் கையிலும் இருந்தது. மறவர் பாளையங்கள் எங்கே இருந்தன? இந்தப் பச்சைக்கு வெளியே, மலையடிவாரத்திலும் புஞ்சையிலும். சிங்கம்பட்டி, ஊர்க்காடு, ஊத்துமலை, சிவகிரி, சேத்தூர், தலைவன்கோட்டை எல்லாம் அப்படித்தான். நெல் விளைவது ஒருவர் கையில், காவல் இன்னொருவர் கையில். காவல் கூலிதான் பாளையக்காரருடைய வருமானத்தில் பெரிய பங்கு. சிங்கம்பட்டிக்கு அதற்கு மேல் காடும் இருந்தது. மணிமுத்தாறு, காரையாறு, முண்டந்துறை என்று இன்றைக்கு நாம் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகிற இடங்களெல்லாம் அந்தக் காடுதான். ஜமீன் கணக்கில் 80,000 ஏக்கர் என்பார்கள்.

இவ்வளவு காடு எப்படி வந்தது? இதற்கு ஒரு வாய்மொழி வரலாறு இருக்கிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு மல்லுக்கட்டி நின்ற காலத்தில் திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மலையேறி வந்து சிங்கம்பட்டியில் உதவி கேட்டாராம். பாளையக்காரர் படையனுப்பினார். அந்தச் சண்டையில் சிங்கம்பட்டியின் இளவரசன் மாண்டுபோனான். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு ‘நல்லகுட்டி’ என்ற பட்டத்தையும் மலையையும் திருவாங்கூர் கொடுத்தது. நான் இதைச் செப்பேடு பார்த்துச் சொல்லவில்லை; அரண்மனை சொன்னதை, ஊர் சொன்னதைச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் கதையில் காடு வெற்றிக்குக் கிடைத்த பரிசு இல்லை, ஒரு சாவுக்குக் கொடுத்த ஈடு. தன் சொத்தைப் பற்றி ஒரு வம்சம் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டிருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1799இல் கம்பெனியை எதிர்த்த பாளையங்கள் ஒழிந்தன. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டி. கயத்தாறு உங்களுக்குத் தெரிந்த கதை, அதற்குள் நான் போகவில்லை. மிஞ்சிய பாளையக்காரர்கள் 1803க்குப் பிறகு ஜமீன்தார்கள் ஆனார்கள். கையிலிருந்த வேலையும் வாளையும் வாங்கிக்கொண்டு சன்னது ஒன்றைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டு, மீதி உனக்கு. படை கிடையாது, தண்டனை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அரண்மனை, யானை, தர்பார் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். சிங்கம்பட்டியின் ராஜ்யம் உண்மையில் முடிந்தது அப்போதுதான் என்று சொன்னால், அதை என்னால் மறுக்க முடியாது. மற்றதெல்லாம் வாரிசும் வழக்கும் கடனுமாக ஓடிய 150 வருஷம்.

அந்த 150 வருஷத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் நிறுத்திச் சொல்லவேண்டும். சென்னை தேனாம்பேட்டையில் நியூவிங்டன் ஹவுஸ் என்று ஒரு மாளிகை. தகப்பனை இழந்த ஜமீன் பிள்ளைகளை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அங்கே வைத்துத்தான் படிக்கவைத்தது. இங்கிலீஷ், குதிரையேற்றம், மேஜை நாகரிகம் எல்லாம் அங்கே. அதன் தலைவர் கிளெமென்ட் டி லா ஹே. 1919 அக்டோபர் 15ஆம் தேதி இரவு, தூங்கிக்கொண்டிருந்தவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பிடிபட்டவர்கள் இரண்டு மைனர்கள். ஒருவர் கடம்பூர், இன்னொருவர் சிங்கம்பட்டி. இருவரும் நம் ஜில்லாக்காரர்கள். தமிழர்களை அந்தத் துரை கேவலமாகப் பேசினான் என்றார்கள். துரைசானியைச் சேர்த்தும் பேசினார்கள். சென்னையில் நியாயம் கிடைக்காது என்று வழக்கு பம்பாய்க்குப் போனது. சிங்கம்பட்டி மைனர் அப்ரூவர் ஆனார். கடம்பூர் மைனர் விடுதலையானார். கடம்பூருக்காக வாதாடியவர் டாக்டர் சுவாமிநாதன். அந்த வெற்றிக்குப் பிறகு சென்னையின் வெள்ளைக்காரர்கள் அவர் குடும்பத்திடம் முகம் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி அம்மு, பிள்ளைகளுக்குப் போட்டுவந்த கவுனையும் வெள்ளைக்காரப் பள்ளியையும் உதறினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் நேதாஜியின் படையில் கேப்டன் லட்சுமி. நம் ஜமீன் பையன்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு இப்படியெல்லாம் போய்த் தொட்டிருக்கிறது.

அப்ரூவர் ஆன அந்த மைனர்தான் நம் முருகதாஸ் தீர்த்தபதியின் தகப்பனார். வழக்குச் செலவில் ஜமீன் கடன்பட்டது, அந்தக் கடனுக்காகத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கொலை 1919இல், குத்தகைப் பத்திரம் 1929இல். இடையில் பத்து வருஷம் இருக்கிறது. ஒரு வழக்கை மட்டும் காரணம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கடன் இல்லாத ஜமீனைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

1929 பிப்ரவரி 12. சிங்கம்பட்டி ஜமீன் தன் மலையில் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. இன்றைக்கு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நாம் சொல்கிற இடங்கள். எடுத்தது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். இந்தப் பெயரை நம் ஊரில் பி.பி.டி.சி. என்று சுருக்கிவிட்டதால் அதிலிருக்கிற பர்மா கண்ணில் படுவதில்லை. இந்தக் கம்பெனி அங்கே தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. கணக்குக்கு மேல் மரம் வெட்டியதாக 1885இல் மாண்டலே அரசவை அதற்குப் பெரிய அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயன் படையெடுத்தான். இரண்டே வாரத்தில் சண்டை முடிந்தது. பர்மாவின் கடைசி மன்னர் தீபோவை இரத்தினகிரிக்குக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 1916இல் அவர் அங்கேயே இறந்தார். ஒரு கடைசி ராஜாவின் கதையில் அபராதச் சீட்டோடு நுழைந்த கம்பெனி, 44 வருஷம் கழித்து இன்னொரு கடைசி ராஜாவின் கதையில் குத்தகைப் பத்திரத்தோடு நுழைந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட சிங்கம்பட்டியாருக்கு இது தெரிந்திருந்ததா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

பத்திரம் எழுதி இரண்டு வருஷம் கழித்துத்தான் முருகதாஸ் பிறந்தார். மூன்றரை வயதில் தகப்பனாரை இழந்தார். அந்த வயதிலேயே பட்டம். இடுப்பில் வேட்டி நிற்காத வயதில் தலையில் தலைப்பாகை. படிப்பு கண்டி டிரினிட்டி கல்லூரியில். அது சர்ச் மிஷன் சொசைட்டி நிறுவிய கல்லூரி; பாளையங்கோட்டையில் நம் பாட்டன்மாருக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுத்ததும் அதே சொசைட்டிதான். குதிரையேற்றமும் சிலம்பமும் கற்றார். இங்கிலீஷ் சரளம். தமிழ் அதைவிட. ஊர்க்கதையும் வம்சக்கதையும் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார் என்று அவரைச் சந்தித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பையன் வளர்ந்துகொண்டிருந்தபோது சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1938இலேயே பிரகாசம் கமிட்டி, நிலம் உழுகிறவனுக்குச் சொந்தம், ஜமீன்தார் வரி வசூலிக்கிற இடைக்காரன்தான் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. யுத்தம் குறுக்கே வந்து பத்து வருஷம் தாமதமாயிற்று. ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்தபோது எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1948ஆம் வருஷத்து 26ஆவது சட்டம். சிங்கம்பட்டியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1952இல். கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பில் இருக்கும் மைனருக்கு அந்தக் காலச் சட்டப்படி 21 வயதில்தான் மேஜர் பிராயம். நம் ராஜாவுக்கு 21 நிறைந்தது அதே 1952 செப்டம்பரில். ஆளத் தகுதி வந்த வருஷமும் ஆள எதுவும் இல்லாமல் போன வருஷமும் ஒன்றுதான்.

அவரைவிடச் சில வயது மூத்தவரான புதுக்கோட்டை ராஜகோபாலத் தொண்டைமானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1922இல் பிறந்தவர், 1928இல் சிறுபிள்ளையாகப் பட்டத்துக்கு வந்தவர், 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்துக் கொடுத்தவர். அவருக்கு 1971 வரைக்கும் மன்னர் மானியம் வந்தது, பட்டப்பெயருக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. பின்னாளில் அவருடைய அரண்மனை கலெக்டர் அலுவலகமாயிற்று. ஜமீன்தாருக்கு இது எதுவும் கிடையாது. நஷ்டஈடு உண்டு, அதுவும் எஸ்டேட் பெரிதாகப் பெரிதாக மடங்கு குறைகிற மாதிரிக் கணக்குப் போட்டது. டெல்லிக்குப் போய் முறையிட ஜமீன்தார்களுக்கு ஒரு மன்னர் மண்டலம்கூட இருந்ததில்லை.

அந்தச் சட்டம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் என்னை ஜமீன்தாரி பக்தன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டாம். வெட்டி, வேகாரி, காட்டில் விறகு பொறுக்கியதற்குத் தண்டம் என்று நம் கிழவிகள் சொன்ன கதைகள் நிறைய. சட்டம் எடுத்துக்கொண்டது நிலத்தையும் வரியையும். எடுக்காமல் விட்டது கோயிலை. பரம்பரை அறங்காவலர் என்ற பொறுப்பு ஜமீனிடமே தங்கியது. மீதி 68 வருஷமும் முருகதாஸ் தீர்த்தபதி ராஜாவாக இருந்தது அந்த ஒரு பொறுப்பின் மேல்தான்.

காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகாதவர்கள் இந்த அவையில் இருக்க நியாயமில்லை. ஆடி அமாவாசைக்கு மூட்டை முடிச்சோடு, சட்டி பானையோடு, கிடாயோடு போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிற கூட்டம். அய்யனார், மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், தூசி மாடன், பிரம்மராட்சசி, பட்டவராயன். பட்டவராயன் யார்? பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன். சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாருக்காகச் செருப்புத் தைத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். இன்றைக்கும் அவனுக்குக் காணிக்கை செருப்புத்தான். வில்லுப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் சிங்கம்பட்டி அரண்மனையும் வருகிறது. தீப்பாய அனுமதி கேட்டு அந்த இரண்டு பெண்களும் போய் நிற்பது அங்கேதான். ஆகவே அந்தக் கூட்டத்துக்குச் சிங்கம்பட்டி ராஜா என்பவர் வரலாற்றுப் பாத்திரம் மட்டுமில்லை, சாமிக்கதையிலும் ஒரு பாத்திரம்.

ஆடி அமாவாசையன்று அந்தப் பாத்திரம் நேரில் வந்து உட்காரும். பட்டு அங்கி, தலைப்பாகை, நகைகள், கையில் வாள். ராஜ தர்பார் என்று அதற்குப் பெயர். அவர் வந்து அமர்ந்து காட்சி கொடுப்பார்; பூக்குழி இறங்குவார்கள். சாதாரண நாட்களில் வெள்ளை வேட்டி சட்டையோடு பத்திரிகைக்காரர்களிடம் சிரித்துப் பேசுகிற ஒரு பெரியவர், வருஷத்தில் ஒரு நாள் அப்படி வந்து உட்காருவார். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அவருடைய குடிகளின் பேரன் பேத்திகள்கூட இல்லை. தூத்துக்குடியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தவர்கள். அவருக்கு வரி கட்டியவர்கள் இல்லை, கட்டப்போகிறவர்களும் இல்லை. இருந்தாலும் கும்பிட்டார்கள்.

ஏன் கும்பிட்டார்கள் என்பதற்குப் பழைய விசுவாசம், சாதிப் பெருமிதம், வேடிக்கை பார்க்கிற ஆசை என்று மூன்று பதில் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சாதிப் பெருமிதத்தை நான் லேசாக ஒதுக்கிவிட மாட்டேன். நம் ஜில்லாவில் அது எந்த வேஷத்தில் வேண்டுமானாலும் வரும். ஆனால் என் அபிப்பிராயம் வேறு. அந்தத் திருவிழாவுக்கு ஒரு ராஜா தேவை. கொடை நடக்க பூசாரி வேண்டும், கணியான் வேண்டும், கோமரத்தாடி வேண்டும். அந்த வரிசையில் ராஜாவும் ஒரு கைங்கரியம். 1952இல் அரசாங்கம் ஒழித்தது எஸ்டேட்டை. கைங்கரியத்தை அரசாங்கத்தால் ஒழிக்க முடியாது. முருகதாஸ் தீர்த்தபதி இதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். சட்டமன்றத்துக்குப் போய் ராஜ்யத்தைத் திரும்பப் பிடிக்க எத்தனையோ ஜமீன் குடும்பங்கள் முயற்சி செய்தன. இவர் சிங்கம்பட்டியை விட்டு நகரவில்லை. அரண்மனையில் இருந்த பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்தார், வந்தவர்களுக்குக் கதை சொன்னார், ஆடி அமாவாசைதோறும் அங்கியைப் போட்டுக்கொண்டார்.

அந்த மரியாதையைக் காப்பாற்ற அவர் தரப்பு போய் நின்ற இடத்தையும் சொல்லவேண்டும். 2011இல் பாலா எடுத்த ‘அவன் இவன்’ படத்தில் சொத்தெல்லாம் போன ஒரு ஜமீன்தார் வருவார். எல்லோரும் ‘ஹைனஸ்’ என்று கூப்பிடுவார்கள்; பெயர் தீர்த்தபதி. ஜி.எம்.குமார் நடித்தது. ஜமீனையும் சொரிமுத்து அய்யனார் கோயிலையும் அவதூறு செய்துவிட்டதாக ஜமீன் தரப்பு அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. அது பத்து வருஷம் நடந்து, 2021இல் பாலா விடுதலையானார். ஒரு காலத்தில் தர்பாரில் தீர்ப்புச் சொன்ன வம்சம், தாலுகா கோர்ட்டில் வாதியாக நின்றது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நாம் எல்லோரும் நிற்கிற வரிசையில் அவர்களும் நின்றார்கள், அவ்வளவுதான்.

அவர் காலமானது ஊரடங்கு நேரம். சாதாரண காலமாக இருந்திருந்தால் சிங்கம்பட்டித் தெரு தாங்கியிருக்காது. அந்த வருஷம் ஆடி அமாவாசைத் திருவிழாவும் காரையாற்றில் நடக்கவில்லை.

இதுவரைக்கும் பட்டத்தின் கதை. பத்திரத்தின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு அதுதான் கனமான பாதி.

1952இல் ஜமீன் போனபோது மலையில் என்ன மாறியது? குத்தகைக்கு எடுத்தவர் மாறவில்லை. குத்தகைக்கு விட்டவர் மாறினார், சிங்கம்பட்டி ராஜாவுக்குப் பதிலாக அரசாங்கம். நிலச் சீர்திருத்தம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே தேயிலை வளர்ந்தது, லயன் வீடுகளில் தலைமுறைகள் பிறந்தன. இலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். சுற்றியிருந்த காடு 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று; தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் அதுதான். புலிக்கும் தேயிலைக்கும் நடுவில் தொழிலாளி. 1999 ஜூலை 23ஆம் தேதி அவர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த சக தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தித் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. அந்த ஆறு அவர்கள் மலையிலிருந்தே வருகிற ஆறு. இந்த அவையில் இருக்கிற பலர் அன்றைக்குக் கொக்கிரகுளத்தில் இருந்திருப்பீர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை.

தேதிகளைப் பாருங்கள். 1929இல் ஒரு ஜமீன் தன் பணமுடைக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அந்த ஜமீனை விழுங்கிய சட்டத்தையும் தாண்டி வந்தது. மூன்றரை வயதில் முடிசூடி 88 வயது வரைக்கும் வாழ்ந்த ராஜாவையும் தாண்டி வந்தது. ராஜாவின் அதிகாரம் பட்டத்தில் இருந்தது என்றுதான் நாம் பேசிக்கொண்டிருந்தோம். சிங்கம்பட்டி ஜமீன் செய்ததிலேயே ரொம்ப காலம் செல்லுபடியான ராஜ காரியம் அந்தக் கையெழுத்துத்தான். அதைப் போட்டவர் 31ஆவது பட்டம் இல்லை, அவருடைய தகப்பனார். மகனிடம் மிஞ்சியது அங்கியும் வாளும். அவற்றால் ஒருவருக்கும் தீங்கு வந்ததில்லை. இதற்காக நான் முருகதாஸ் தீர்த்தபதியை மதிக்கிறேன். அந்தக் கையெழுத்துக்காகவே அந்த ஜமீனைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேச என்னால் முடியவில்லை.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கை முடிக்கத் தொடங்கியது. தோட்டத்தை அரசு தன் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ மூலம் ஏற்று நடத்தவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மலை காடாகத் திரும்பவேண்டும் என்பது வனத்துறையின் கட்சி. நான்கு தலைமுறையாக மேலே இருந்தவர்களுக்குக் கீழே வீடு எங்கே, வேலை எங்கே என்பது தொழிலாளர்களின் கேள்வி. இந்த வழக்குகளின் கட்டுகளைப் புரட்டினால், முதல் பக்கங்களிலேயே நிலத்தின் பூர்வீகம் என்று ஒரு பத்தி வரும்: முன்னாள் சிங்கம்பட்டி ஜமீன் எஸ்டேட், அம்பாசமுத்திரம் தாலுகா, திருநெல்வேலி ஜில்லா.